எட்டாவது சிங்கம்

கண்ணாடி டீப்பாயின் அடியில் தலையை நுழைத்து, அதைத் தாங்கி நின்ற சிமென்ட் சிங்கமுகத்தின் முதுகில் காகிதத்தை அழுத்திப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். மேலே சோபாவில் இருந்தபடி கலைச்செல்வப் பாதுகாப்புப் பேரவைத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கேட்க ஒரே ஒருத்தி, அதுவும் தரையில் படுத்திருக்கிறாள் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. மைக் இல்லாததுதான் குறை.

“இது எங்க பரம்பரைச் சொத்தும்மா.”

முப்பது வருடத்துக்கு முன் இடித்த தியேட்டரின் முகப்பில் இருந்தது அது. இடித்த அன்று அங்கே நின்று கண்ணீர் விட்டவரும் இதே தலைவர்தான். வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை என்பது, இன்று காலைப் பேப்பரில் வந்த போட்டோவில் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் சிங்கம் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவள் அப்பா வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, “உங்க வீட்டுல சிங்கமுகம் ஏதாச்சும் இருக்கா?” என்பார். பாதிப் பேர் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். மீதிப் பேர் மாமியாரைக் காட்டினார்கள். அவரிடம் இருந்த அந்தத் தியேட்டரின் பழைய போட்டோவில் எட்டு முகங்கள், ஏழு அகப்பட்டன, எட்டாவதுதான் பாக்கி. ஒன்றின்மேல் துணி துவைத்தார்கள், ஒன்று தொட்டி மூடிக்குப் பாரமாக இருந்தது. அவர் எதையும் கேட்டு வாங்கியதில்லை. முதல் சிங்கத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று முதுகில் கொத்தனார் வரிசைக்காகக் கீறிய கோடுகளைக் காகிதத்தில் தேய்த்து எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

“பெத்த பொண்ணு தொலைஞ்சாக்கூட இந்த மனுஷன் இப்படித் தேட மாட்டார்” என்பாள் அம்மா. மகளுக்குச் சில சமயம் தொலைந்து பார்க்கலாமா என்றிருக்கும்.

போன் அடித்தது. அண்ணன்.

“அப்பாவுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் வா.”

தலைவர் பேச்சை நிறுத்தவில்லை. அவள் ஓடினாள்.

ஆட்டோவில்தான் எண்ணிப் பார்த்தாள். எட்டு இல்லை. ஒன்பது கோடுகள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். “ஓரத்துக் கோட்டைப் பின்னால மடிச்சிடு. எட்டுன்னு சொல்லு. நிம்மதியாப் போகட்டும்.”

மடித்தாள். அப்பாவின் கண்ணருகே பிடித்தாள்.

“எட்டு கிடைச்சிருச்சுப்பா.”

அப்பா வெகுநேரம் பார்த்தார். விரல் ஊர்ந்து ஓரத்துக்குப் போய், மடிப்பை மெல்ல விரித்தது.

“மீட்டர் பார்த்தவன்கிட்டயே ரீடிங்கை மறைக்கிறியா?”

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாவின் முகத்திலோ, ஒரு வாரமாகக் காணாத வெளிச்சம்.

“பக்கவாட்டுச் சுவர்ல ஒண்ணு இருந்திருக்கு. போட்டோவுல விழல... அப்ப எட்டு இன்னும் எங்கயோ இருக்கும்மா.”

“இருக்கும்பா.”

“எந்த வழியா வந்தே?”

எங்கே போனாய், எப்படி வந்தாய் என்று அவர் அவளிடம் கேட்டதே இல்லை. கட்டிலை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கிற தெருவுலப்பா. முதல்ல ஒரு பச்சை கேட். அடுத்தது லாண்டரி, மேல ரெண்டு மாடி...”

“ம்.”

“அதுக்கப்புறம் பூட்டின வீடு ஒண்ணு. உள்ள செடி மண்டிக் கிடக்கு.”

இந்த முறை “ம்” வரவில்லை. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டான்.

“போதும்மா.”

“மூலையில ஒரு மாடி வீடுப்பா,” என்றாள். “வாசல்ல ஏணி போட்டு வெள்ளையடிச்சிட்டிருக்காங்க.”