பயனாளியுடன் ஒரு புகைப்படம்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் நான் இன்னும் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தாக வேண்டியிருந்தது.

எங்கள் கல்லூரியில் 'நற்செயல் பதிவேடு' என்று ஒன்று உண்டு. பருவத்துக்குப் பத்து நற்செயல். ஒவ்வொன்றுக்கும் பயனாளியின் பெயர், வயது, இடம், நேரம் எழுதி ஒரு புகைப்படமும் ஒட்ட வேண்டும். படத்தில் பயனாளியின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். முகம் தெரியாத நற்செயல் நற்செயல் ஆகாது. போன வருடம் ஒருவன் ரத்தம் கொடுத்தான். அது யாருக்குப் போனது என்று காட்ட முடியாததால் மதிப்பெண் போய்விட்டது.

நான் ஒன்பது முடித்திருந்தேன். கண் தெரியாத ஒருவரைச் சாலையைக் கடக்க வைத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பக் கூட்டிவந்து மறுபடியும் கடக்க வைத்தேன். மூன்றாவது தடவை அவர், தான் முதலில் எந்தப் பக்கம் நின்றிருந்தோம் என்று என்னிடமே கேட்டார். ஒரு நாய்க்கு பிஸ்கட் கொடுத்தேன். அதற்கு வயது 'சுமார் 3' என்று எழுதினேன்.

அந்த வாரம் ஊரில் இன்னொன்றும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு குரல் பதிவு. பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறதாம். ஆள் வெளியூர்க்காரன், பார்க்கக் கல்லூரிப் பையன் மாதிரி இருப்பான், முதுகில் பை மாட்டியிருப்பான், ரொம்ப மரியாதையாகப் பேசுவான் என்று ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள். அது முழுப் பொய் என்று பிறகு தெரிந்தது. அப்போது அது வர்ணித்தது திண்டுக்கல்லில் தங்கிப் படிக்கும் சில ஆயிரம் பேரை, என்னையும் சேர்த்து. நானும் அதை இரண்டு குழுக்களுக்கு அனுப்பியிருந்தேன். அப்போது என்னிடம் பதிவேட்டுக்கு ஏழுதான் இருந்தது. அதையும் ஒரு நற்செயலாகக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று யோசித்தேன்.

மூன்று மணிக்கு நாகல் நகர் கடைத்தெரு முனையில், ஒற்றைச் செருப்போடு ஒரு பெண் குழந்தை நடுச்சாலையில் நின்றிருந்தது. எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, நிம்மதி. அதை இங்கே ஒளிக்கப் போவதில்லை.

ஓரமாக இழுத்து நிறுத்தினேன். பெயர் கேட்டேன், ஹுஸ்னா என்றது. வயதுக்கு நான்கு விரல். வீடு எங்கே என்றதற்கு வானத்தைக் காட்டியது. "இங்க பாருங்க பாப்பா" என்று இரண்டு படம் எடுத்தேன், இரண்டிலும் முகம் தெளிவு. பையிலிருந்து ஒரு மிட்டாய் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ நிறுத்தம் பக்கம் நடந்தேன். அங்கே யாருக்காவது அடையாளம் தெரியும் என்று நினைத்தேன். பத்தடி நடந்ததும், பிடித்திருப்பது தன் வீட்டுக் கை இல்லை என்று குழந்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். தெருவே திரும்புகிற மாதிரி அழ ஆரம்பித்தது.

முதலில் வந்தவர் செல்போன் கடை ரொனால்டு. நாற்பது வயது இருக்கும், பெரிய கை.

"யாரு தம்பி பாப்பா?"

"தெரியாதுங்க."

"தெரியாதா? அப்ப எங்க கூட்டிட்டுப் போற?"

"அங்கதானுங்க, ஆட்டோ ஸ்டாண்டுக்குங்க."

"எந்த ஊருடா நீ?"

"தொப்பம்பட்டிங்க."

எங்கள் பக்கம் நாய் துரத்தினால்கூட 'ங்க' போட்டுத்தான் கத்துவோம். அவர் திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பார்வையிலேயே குரல் பதிவு ஓடியது. வெளியூர், பை, மரியாதை. மிட்டாய் வேறு.

கூட்டம் எப்படிக் கூடும் என்று நான் அதுவரை உள்ளேயிருந்து பார்த்ததில்லை. வெளியேயிருந்து பார்த்தால் ஆட்கள் வருவது தெரியும். உள்ளேயிருந்து பார்த்தால் வெளிச்சம் குறைவதுதான் தெரியும். யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவர் தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்தார். நான் 'காலேஜ்' என்றேன், 'பதிவேடு' என்றேன். எனக்கே அது திருடன் சொல்கிற மாதிரிக் கேட்டது.

"அவன இங்க கொண்டாங்க."

முனையில் குடை கட்டிப் பூ விற்கிற அமலராணி அக்கா. இரண்டு வருடமாக அந்த வழியாகத்தான் போகிறேன். அரை முழம் அதிகமாகக் கேட்டவர்களை அவர் ஏசி அனுப்பியதைக் கேட்டிருக்கிறேன், அதனால் பக்கத்தில் போனதில்லை. அவர் எழுந்து வந்து என் காலரைக் கொத்தாகப் பிடித்தார். குழந்தையை இன்னொரு கையால் இடுப்பில் தூக்கிக்கொண்டார். என்னைத் தரதரவென்று இழுத்துப்போய்க் குடைக் கம்பியோடு சேர்த்து நிறுத்தினார். என் உயிர் பூக்கடையில்தான் போகும் என்று முடிவு செய்தேன்.

"போலீசு வர்ற வரைக்கும் இவன் எங் கையிலதான். எவனும் தொடக்கூடாது. பிள்ளை முன்னாடி ரத்தங் கித்தம் வந்துச்சு, நடக்கிறதே வேற."

குழந்தையை முக்காலியில் உட்கார வைத்தார். என் வலது மணிக்கட்டைக் கம்பியோடு வைத்து, தண்ணீர்ச் சட்டியிலிருந்து எதையோ உருவிச் சுற்றிக் கட்டினார். முடிச்சுகள் போடப் போட, கூட்டத்தில் மூச்சு தணிந்தது. "நல்லா இறுக்குக்கா" என்றது ஒரு குரல். "அஞ்சு முடிச்சு, யானைய நிறுத்தலாம்" என்றார் அவர். பிறகு என் காலரைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்.

"வாழ நாருதான் அப்பு. ஒத்த இழை. இழுத்துறாத, அந்துரும்."

குனிந்து பார்த்தேன். மல்லிகை தொடுக்கிற நார், அதையும் நகத்தால் கிழித்து நூலாக்கியிருந்தார். தும்மினால் அறுந்துவிடும். என்னைச் சுற்றி நின்ற முப்பது பேருக்கும் எனக்கும் நடுவே இருந்த ஒரே பாதுகாப்பு அது. கட்டிப் போட்டவனை யாரும் அடிக்க அவசரப்பட மாட்டார்கள். அறுத்துக்கொண்டவனை விடமாட்டார்கள்.

பிரச்சினை, என் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

குழந்தையின் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஆட்டோ ஓட்டுகிற கிதர் முகம்மது பாயை அக்கா கூப்பிட்டார். பேகம்பூர் பக்கத்துப் பிள்ளையாக இருக்கலாம், பள்ளிவாசல் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள், தாயைக் கையோடு ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். பாய் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினார். அந்தக் கூட்டத்தில் ஒரு வேலையாகக் கிளம்பிப் போனவர் அவர் ஒருவர்தான்.

ரொனால்டு என் போனை எடுத்து, பூட்டைத் திறக்க விரலை வைக்கச் சொன்னார். திறக்கிற விரல் கட்டியிருந்த கையில் இருந்தது. அவர் கையை இழுத்தார். நார் விண்ணென்று நின்றது. "போனக் கைக்குப் பக்கத்துல கொண்டாங்கண்ணா, வலிக்குதுங்க" என்று கெஞ்சினேன். வலி ஒன்றும் இல்லை.

போன் திறந்தது. அதன் பிறகு நான் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதலில் ஹுஸ்னா, இரண்டு படம். அதற்கு முன்னால் கண் தெரியாதவர், மூன்று கோணத்தில். அதற்கு முன்னால் தனியாக நிற்கும் ஒரு பெண்மணி, தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளி. ஒவ்வொன்றின் கீழும் இடம், தேதி, நேரம். பையைத் திறந்தார்கள், பதிவேடு வந்தது. 'பயனாளி எண் 1' முதல் 'பயனாளி எண் 9' வரை, பெயர், வயது, ஆணா பெண்ணா.

"நம்பர் போட்டு வச்சிருக்கான்யா" என்றார் ஒருவர். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அது கோபத்தைவிட மோசம். நாய்ப் படம் ஏன் என்று கேட்டார்கள். நாயையும் சேர்த்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

வெயிலில் நார் காய ஆரம்பித்திருந்தது. ஓரத்தில் வெளுத்து, பிரிந்து, ஒரு மயிரிழை எழுந்து நின்றது. நான் என் கையை விட்டுவிட்டு உடம்பின் மற்ற பகுதிகளை நடுங்க வைக்க முயன்றேன். முட்டிகள் ஒத்துழைத்தன. அமலராணி அக்கா பூக்கூடையில் தண்ணீர் தெளித்தார். வலது பக்கம் தெளிக்கும்போது கை தவறின மாதிரி ஒரு சிறங்கைத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. செத்த நேரம் கழித்து இன்னொரு சிறங்கை. என் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஹெல்மெட்காரர் பொறுமை இழந்தார். போலீசுக்கு யாரும் போன் செய்யவே இல்லை என்பது இதற்குள் தெரிந்துவிட்டது. எல்லோரும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு போட்டால் கும்பல் பெயரைக் கக்கிவிடுவான் என்று ஹெல்மெட்காரர் முன்னால் வந்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தார். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

எதிர்ச்சாரியில் ஐஸ் வண்டி மணி கேட்டது.

ஹுஸ்னா முக்காலியிலிருந்து இறங்கினாள். அவளுக்காகக் கூடிய முப்பது பேரில் அப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் மட்டும்தான். அவள் ஆட்களின் கால்களுக்கு நடுவே குனிந்து போனாள். சாலையில் ஒரு மினிபஸ், பாட்டை முழு சத்தத்தில் போட்டுக்கொண்டு, வந்துகொண்டிருந்தது.

கத்தப் பார்த்தேன். தொண்டையில் காற்றுதான் வந்தது. நாரைப் பார்த்தேன். அக்காவின் முதுகைப் பார்த்தேன். ஹெல்மெட்டைப் பார்த்தேன். இதற்கெல்லாம் நேரம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பயப்படுகிறவனுக்கு நேரம் நிறைய இருக்கும்.

நார் அறுந்தபோது சத்தமே வரவில்லை.

குழந்தையை இடுப்போடு அள்ளிச் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரேக் கிறீச்சிட்டது, பஸ்ஸின் சூடு முகத்தில் அடித்தது. அதே நேரம் பின்னாலிருந்து, "பிள்ளையத் தூக்கிட்டு ஓடுறான்" என்ற குரலும், முதுகில் ஹெல்மெட்டும் விழுந்தன. அடுத்தது தோளில். மூன்றாவது ரொனால்டின் கை, காதோடு சேர்த்து. குழந்தைமேல் படாமல் இருக்கக் குனிந்துகொண்டேன். அது தியாகம் ஒன்றும் இல்லை, குனிவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

நிறுத்தியது பஸ் டிரைவர். ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டார்.

"ஏய்யா அவனப் போட்டு அடிக்கிறீங்க? அவன் இழுக்கலைன்னா பிள்ளை என் டயர்லதான் இருக்கும். நீங்கள்லாம் எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

ஹெல்மெட்காரர் ஹெல்மெட்டைத் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டார். ரொனால்டு என்னைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் இருந்த மண்ணை, அடித்த அதே கையால், மெதுவாகத் தட்டிவிட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "பாப்பா போட்டோவ மட்டும் அழிச்சுட்டேன் தம்பி. முன்னப்பின்ன தெரியாத பிள்ளைய எடுக்கிறது தப்புல்ல" என்றார். காதில் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தாலும், அவர் சொன்னது சரி என்று விளங்கியது.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் முப்பது பேரும் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் அதிகமாகப் பயமாக இருக்கிறது.

அப்போது பாயின் ஆட்டோ வந்தது. முழுதாக நிற்பதற்குள் ஒரு பெண் குதித்தார், கமர்ஜஹான், குழந்தையின் தாய். பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, துணிக்கடையில் பிள்ளை நாத்தனார் கையில் இருக்கிறாள் என்று தானும், தன் கையில் இருக்கிறாள் என்று நாத்தனாரும் நினைத்துக்கொண்டதாக ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

கூட்டத்துக்குக் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. போட இடம் இல்லாமல் இருந்தது, இப்போது கிடைத்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவளுக்குக் கடை எதற்கு என்றது ஒரு குரல். போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்றது இன்னொன்று. வட்டம் மறுபடி சேர்ந்தது. ஒருவர் போனை அந்தத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினார். கமர்ஜஹானின் உதடுகள் நாத்தனார், நாத்தனார் என்று அசைந்துகொண்டே இருந்தன. வெளிச்சம் குறைவதை நான் பார்த்தேன். இந்தத் தடவை அது எனக்காக இல்லை. தாராளமாக நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

உள்ளே நுழைந்தேன். வாய் தானாகத் திறந்தது, வந்த குரல் என்னுடையதாக இல்லை.

"எல்லாரும் தள்ளுங்க. அடி வாங்குனவன் நானு. இந்தம்மாகிட்டக் கேக்க வேண்டியது அம்புட்டையும் நாந்தான் கேப்பேன். ஒருத்தரும் வாயத் திறக்கக்கூடாது."

நியாயமாகப் பட்டிருக்க வேண்டும், வழி விட்டார்கள். முகத்தை முடிந்த அளவு கடுமையாக வைத்துக்கொண்டு, அவரை ஆட்டோ வரை நடத்திப் போனேன். அவர் என்னைப் பார்த்துப் பயந்தார். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏறி உட்கார்ந்ததும் குனிந்து, "ஒண்ணும் இல்லீங்க அக்கா, வீட்டுக்குப் போங்க" என்றேன். பாய் ஏற்கெனவே கியரைப் போட்டிருந்தார்.

ஆட்டோ போனதும் கூட்டத்துக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒருவர் பூ என்ன விலை என்று கேட்டார்.

அமலராணி அக்கா முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். அவர் மல்லிகையை எடுத்துத் தொடுக்க ஆரம்பித்தார், விரல்கள் வழக்கம் போல ஓடின.

"உங்களுக்குப் பயமே இல்லீங்களாக்கா?"

"கீழ பாரு" என்றார்.

பலகைக்கு அடியில் அவருடைய வலது கால் தண்ணீர்ச் சட்டியில் மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தது. சட்டியில் பாதித் தண்ணீர் வெளியே கிடந்தது. நிறுத்துவதற்காக அவர் இடது காலை அதன்மேல் வைத்து அழுத்தினார். இப்போது இரண்டும் ஆடின.