பதினோரு யுத்தப் படம், ஒரு வாய் சோறு இல்லை

"எங்கண்ணன் மூணு வாரமா இந்த வாசப்படி மிதிக்கலை. எல்லாம் உங்க சண்டைப் படத்தாலதான்."

"நான் என்ன உங்கண்ணனைச் சுட்டேனா?"

"சுட்டிருந்தாக்கூட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, அடுத்த ஞாயித்துக்கெழம சாப்பிட வந்திருப்பாரு. மானத்தையில்ல வாங்கிட்டீங்க."

காட்டூரில் சவரிராயன் வீட்டு கேட்டைத் திறக்கப்போன சக்ரபாணி, கையைக் கொக்கியிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே சண்டை போடுவது சவரிராயனும் அவர் மனைவி லூர்துராணியும். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் நுழைவது நாகரிகம் இல்லை. ஆனால் வெளியே நின்று கேட்டால் தப்பில்லை என்று சக்ரபாணி நினைத்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், சும்மா திரும்ப முடியுமா.

அவர் பையில் இருந்தது சவரிராயனின் வீடியோ டெக், அதோடு பன்னிரண்டாவது கேசட்.

சவரிராயனும் சக்ரபாணியும் ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து மேசை. போன வருஷம், எண்பத்தஞ்சில், சவரிராயனின் தம்பி குவைத்திலிருந்து இந்த டெக்கும் ஒரு டஜன் காலிக் கேசட்டும் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டில் யுத்தப் படமாகச் சேர்த்து வைக்கவேண்டும் என்பது சவரிராயனின் ஆசை. எந்தப் படம் என்று சொல்லும் வேலையைச் சக்ரபாணி தானே எடுத்துக்கொண்டார். கொசு அடிக்கக் கூசுகிறவர், யுத்தப் படம் என்றால் மட்டும் சாப்பாட்டையும் மறந்துவிடுவார்.

அவருக்கென்று சில கணக்குகள் உண்டு. பாலைவனத்தில் ஒன்று, பனியில் ஒன்று, கடலுக்கடியில் ஒன்று, சிறையிலிருந்து தப்பிப்பது ஒன்று, இந்த நாலும் இல்லாத வீடு வீடே இல்லை. காதல் பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் தள்ளிவிட வேண்டும். முக்கியமாக, படம் நூற்றெண்பது நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. கேசட் அவ்வளவுதான். ஒரு தடவை அசட்டையாக இருந்ததில், பாலத்துக்கு வெடி வைத்துவிட்டு எல்லாரும் படுத்துக்கிடக்கையில் நாடா தீர்ந்துபோயிற்று. அந்தப் பாலம் காட்டூரில் இன்றுவரை வெடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சவரிராயன் தன் டெக்கைப் பழைய வேட்டியில் சுற்றி ஆபீஸுக்குக் கொண்டுவருவார். சக்ரபாணி அதைப் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப்போகிற மாதிரி பஸ்ஸில் கொண்டுபோவார். சனிக்கிழமை மத்தியானம், மனைவி கோதைநாயகி கண்ணயரும் நேரம் பார்த்து, ஸ்ரீரங்கத்துக் கேசட் கடையில் வாடகைக்கு எடுத்த படத்தைத் தன் டெக்கில் ஓடவிட்டு, சவரிராயன் டெக்கில் பதிவு செய்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டெக்கையும் கேசட்டையும் காட்டூரில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். சர்ச்சில் ரெண்டாம் பூசை முடிந்ததும் அங்கே படம்.

"சரி, பாக்கியநாதன் கேட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றது சவரிராயன் குரல்.

"என்ன பண்ணுவீங்களா? எதுத்த வீட்டுக்காரரு எங்கண்ணனைப் பாத்து, 'ஏங்க, நீங்க யுத்தத்துல சமையக்காரரா இருந்ததாச் சொல்றீங்க, ஒம்பது படம் பாத்தாச்சு, ஒருத்தன் அடுப்புப் பத்த வெக்கலையே, நீங்க எந்த யுத்தத்துக்குப் போனீங்க'ன்னு கேக்குறாரு. நீங்களும் சேந்து சிரிச்சீங்க."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"எல்லாரும் என்னக் கட்டிக்கலை."

இன்னாசிராஜ் லூர்துராணியின் அண்ணன். பட்டாளத்தில் இருபது வருஷம் சமையல். எழுபத்தொன்று யுத்தத்தில் கிழக்கே போய்வந்தவர். பெண்சாதி இறந்தபிறகு எடமலைப்பட்டி புதூரில் தனியாக இருக்கிறார். முதல் படம் முடிந்ததுமே அவர் கேட்டிருந்தார், "ரெண்டு நாளா மலை ஏறுறானுங்க மாப்ள. ஒருத்தனும் ஒண்ணும் திங்கலையே. எப்படி ஏறுறானுங்க?" அன்றைக்கு யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுக்கு வெளியே நின்ற சக்ரபாணி கொக்கியிலிருந்து கையை எடுத்தார்.

அந்தப் படங்களில் எல்லாரும் சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். மலை ஏறியவர்கள் ஒரு முழு மாட்டைச் சுட்டுத் தின்றார்கள். சக்ரபாணி வீட்டுக் கூடத்தில் டிவிக்கு நேர் எதிரே கோயிலாழ்வார் என்கிற பூஜை அலமாரியில் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். திரையில் எவனாவது தட்டைக் கையில் எடுத்தால் போதும், சக்ரபாணியின் விரல், பதிவை நிறுத்திவைக்கிற பாஸ் பட்டனில் போய் உட்கார்ந்துவிடும். டிவியை அணைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவன் தின்று முடித்திருப்பான் என்று ஒரு மதிப்புப் போட்டு மறுபடி பதிவு. அந்த இடத்தில் திரையில் ஒரு வெள்ளைக் கோடு துள்ளும். காட்டூரில் அதைக் குண்டு விழுந்த அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பேசாமல் பஸ் ஏறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கேட்டைத் திறந்தார்.

"லூர்தம்மா, உங்காத்துக்காரர் மேல தப்பில்ல. நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

சக்ரபாணி எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் சவரிராயன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எத்தனை படத்துல ஐயங்காரே?"

"எல்லாத்துலயும்தான்."

"ஆளுங்க கழுத்த அறுக்குறது, தலை பறக்குறது, அதெல்லாம் அப்படியே இருக்கேய்யா."

"அது யுத்த தர்மம் ஓய். மாட்டைத் திங்கறது அப்படியா? பெருமாள் பாத்துண்டிருக்கார்."

"உங்க பெருமாள் பதினெட்டு நாள் யுத்தத்துல தேரோட்டுனவரு. அத்தனை சேனைக்கு எவனும் சோறு ஆக்காமயா இருந்தான்? அவரு பாக்காததா?"

அது நல்ல கேள்வி என்று திரும்பி பஸ்ஸில் போகும்போதுகூட சக்ரபாணிக்குப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே எடமலைப்பட்டி புதூர் போனார். இன்னாசிராஜ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், உட்காருங்க என்று சொல்லவில்லை. சக்ரபாணி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்க வெட்டிட்டீங்களா?"

"வெட்டலை. நிறுத்தி நிறுத்தி எடுத்தேன்."

"எல்லாம் சேத்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்னு வெச்சுக்கோங்கோ."

"ஒரு மணி நேரமா தின்னிருக்கானுங்க," என்றார் இன்னாசிராஜ். எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு, சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்க, பஸ் போயிரும்."

காட்டூரில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். லூர்துராணி வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். பாக்கியநாதனை அவளே கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தாள், அவர் நழுவ முடியாதபடி. கடையிலிருந்து எடுத்துவந்த அசல் கேசட், பனிப் படம், டெக்குக்குள் போயிற்று.

ஐம்பதாவது நிமிஷத்தில் சக்ரபாணி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு பெரிய அண்டா. பக்கத்தில் கரண்டியோடு ஒரு குண்டு ஆள். பட்டாளம் தட்டோடு வரிசையில் நின்றது.

"அந்தா இருக்கான் பாருங்க சமையக்காரன்," என்றாள் லூர்துராணி, பாக்கியநாதன் காதுக்கு நேராக.

பாக்கியநாதன் தொண்டையைச் செருமினார். "இருக்கான், இருக்கான்."

எல்லாரும் இன்னாசிராஜைப் பார்த்தார்கள். அவர் முகம் சுளித்திருந்தது.

"இவன் சமையக்காரன் இல்ல. கரண்டியப் பிடிக்கிற பிடியப் பாருங்க, பேனாவப் பிடிக்கிறான். அண்டாவுல ஒண்ணும் கெடையாது, அடி தட்டுற சத்தம் கேக்குதுல்ல? அத விடுங்க. எதிரி எதுத்த மலையில இருக்கான், இவன் வெட்டவெளியில புகைய விடுறான். எங்க ஹவல்தார் இருந்தா இவனத்தான் மொதல்ல சுட்டிருப்பாரு."

"அப்ப நீங்க எப்படி ஆக்குவீங்க?" கேட்டது பாக்கியநாதன்தான். குரலில் கிண்டல் இல்லை.

"குழி தோண்டி, மேல ஈரச் சாக்கு. புகை தரையோட போயிரும். நாங்க உள்ள, அடுப்போட. ஒரு நா சாக்கு காஞ்சுபோச்சு, கவனிக்கலை. குண்டு வந்துச்சு. நாங்க நாலு பேரு. எந்திரிச்சது மூணு பேரு. அன்னிக்குப் பருப்பு அடி புடிச்சிருச்சு. அத்தனை பேரும் திட்டிக்கிட்டே தின்னானுங்க."

படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. சக்ரபாணியின் நாற்காலி எப்போது இந்தப்பக்கம் திரும்பியது என்று அவருக்கே தெரியாது. திரையில் எவனோ ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். அவர் இன்னாசிராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்கை எத்தனை நாழிக்கு ஒருதரம் நனைக்கணும்?" என்று கேட்டார்.

"காத்தப் பொறுத்து ஐயரே."

"ஐயங்கார்," என்றார் சவரிராயன்.

இப்போது பன்னிரண்டு படத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை காட்டூரிலேயே வைத்து. ரெண்டு டெக்கும் அங்கேதான், பாஸ் பட்டன் லூர்துராணி கையில். அவள் எதற்கும் நிறுத்துவதில்லை. இன்னாசிராஜ் வாராவாரம் வந்து ஒவ்வொரு சமையல்காரனாகத் தள்ளிவிடுகிறார். ஒருத்தன் உப்பை ருசி பார்க்காமல் போடுகிறான், ஒருத்தன் சட்டையில் கறையே இல்லை. ஒழுங்காகச் சமைக்கிற ஒரே ஒரு ஆளைப் பார்க்காமல் ஓயமாட்டேன் என்கிறார். சக்ரபாணி தனக்குத் தெரிந்த படமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்வது: எந்த மொழி யுத்தப் படமானாலும் சரி, அதில் நிஜமாகச் சமைக்கத் தெரிந்த ஒருவன் வந்தால், படத்தின் பெயரையும் அவன் எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறான் என்பதையும் எழுதி ஒரு கார்டு போடுங்கள். படம் நூற்றெண்பது நிமிஷத்துக்குள் இருக்கவேண்டும். மாமிசமா மரக்கறியா என்பதையும் குறிப்பிடுங்கள். சக்ரபாணிக்கு நாற்காலியைத் திருப்பிப்போட நேரம் வேண்டும்.