கட்டாத வீட்டுக்கு டைல்ஸ்

பொய் சொல்வதற்குக் கூலி கொடுக்கிற வேலை ஒன்று உண்டு என்பது நாற்பத்தைந்து வயது வரை எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் அதைச் சும்மாவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

மிஸ்டரி ஷாப்பிங் என்று அதற்குப் பெயர். சென்னையில் ஒரு கம்பெனி வாட்ஸ்அப்பில் கடைப் பெயரை அனுப்பும். சாமான் வாங்க வந்தவள் மாதிரி நான் போய் நிற்க வேண்டும். கடை ஆட்கள் வணக்கம் சொன்னார்களா, நம் பெயரும் போன் நம்பரும் கேட்டு எழுதிக்கொண்டார்களா, லோன் வசதி இருப்பதைச் சொன்னார்களா, வாசல் வரை வந்து வழியனுப்பினார்களா என்று பார்த்து வந்து, ஆம், இல்லை என்று போனில் தட்டி அனுப்ப வேண்டும். பேசியதெல்லாம் கைப்பைக்குள் இருக்கிற போனில் பதிவாகியிருக்கும். அதுவும் கூடவே போகும். போன கடை ஆட்களோடு அப்புறம் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது.

துணிக்கடை, செருப்புக்கடை என்று போன வரைக்கும் தொல்லை இல்லை. பிறகு வீடு கட்டுகிற சாமான் விற்கிற பெரிய கடைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். டைல்ஸ், குழாய், பெயின்ட், கதவு எல்லாம் ஒரே கூரைக்குள். முதல் கடையிலேயே பிடிபட்டேன். மதுரையில் எந்தப் பொம்பளை தனியாக வந்து டைல்ஸ் பார்க்கிறாள்? புருஷன், மாமியார், நாத்தனார், கொத்தனார், கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுக்க ஒரு மச்சினன் என்று ஒரு வேன் ஆள் வரும். நான் ஒற்றையாகப் போய் நின்றதும் கல்லாவில் இருந்தவர் ஆளைக் கண்டுகொண்டு, சிரித்துக்கொண்டே கடைப் பையனிடம் எனக்கு இளநீர் வாங்கிவரச் சொன்னார். கம்பெனிக்காரி போனில் திட்டினாள். "அடுத்த தடவை சாரைக் கூட்டிட்டுப் போங்க மேடம்" என்றாள்.

சார் அப்போது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் பசுபதி ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தவர். ஊரெல்லாம் அடுத்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். நாங்கள் வில்லாபுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. கான்ட்ராக்டர் தொழிலை மூடிவிட்டுப் போனதும், ஐம்பதைத் தாண்டியவரை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலில் வேலை தேடிப் போனார். அப்புறம் டீக்கடைக்கு மட்டும் போனார். அப்புறம் எங்கேயும் போகவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்; அதைப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூங்கினார். பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளை நான் கழற்றி ஒளித்து வைத்திருந்தேன் என்றால் என் பயம் உங்களுக்குப் புரியும்.

அவரை எழுப்பிச் சட்டை போட வைத்துக் காளவாசல் பக்கத்தில் இருந்த ஒரு மூன்று மாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நீங்க ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல நின்னாப் போதும்" என்றேன். அவரும் ஒன்றும் பேசுகிற ஆளாக இல்லை.

நஜீம் என்ற பையன் எங்களைக் கூட்டிப் போனான். பையன் என்கிறேன், கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. நெல்பேட்டைக்காரன். "வீடு எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டான். நான் வழக்கமாகச் சொல்கிற பொய்க்கு வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் சொன்னார்:

"பேரையூர் ரோட்டுல. கெழக்குப் பாத்த வாசல்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரலே மாறியிருந்தது. ஒரு டைல்ஸை எடுத்துப் புரட்டி முதுகுப் பக்கம் பார்த்தார், நகத்தால் சுண்டிப் பார்த்தார். "ஹாலுக்கு இம்புட்டு வழவழப்பு வேணாம் தம்பி. அந்தப் பக்கம் ஒரே புழுதிக்காடு. அடிச்சுவடு அம்புட்டும் தெரியும்." நஜீம் தரையில் மண்டி போட்டு ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக டைல்ஸ்களைப் பரப்பினான். அடுப்படி எங்கே, பின்வாசல் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவன் கேட்கக் கேட்க இவர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். அவன் சிரித்தான், இவரும் சிரித்தார். இவர் பல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிக்கொண்டே நான் ஒரு வாஷ்பேசின் மறைவில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பேச்சு சுவாரசியத்தில் நஜீம் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. நம்பர் கேட்கவில்லை. லோன் என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை. கிளம்பும்போது இவர்தான் அவன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டினேன். பதிவு கூடவே போகிறதே, மாற்றித் தட்ட முடியுமா? அன்றைக்கு இவர் தோசை இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கவனமெல்லாம் அந்தத் தோசையில்தான் இருந்தது.

அதற்கப்புறம் கம்பெனிக்காரியிடம் நானே கேட்டுக் கேட்டு வீட்டுச் சாமான் கடைகளாக வாங்கினேன். பெயின்ட் கடை, கதவுக் கடை, குழாய்க் கடை. எங்கே போனாலும் இவர் அதே வீட்டைத்தான் சொன்னார். ஒரு கடையில் சொன்ன ஜன்னல் இன்னொரு கடையில் இடம் மாறவே இல்லை. காலையில் தானாகவே ஷேவ் பண்ணிக்கொண்டார். மாத்திரையை மறந்தார். நானும் துணிந்து தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஒரு நாள், பூஜை அறையை எந்த மூலையில் வைக்கலாம் என்று என்னிடம் கேட்டார். நானும் யோசித்துப் பதில் சொன்னேன். கிறுக்குப் புருஷனுக்கு ஏற்ற கிறுக்குப் பெண்டாட்டி என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து அடிக்கடி போனில் பேசிக்கொண்டிருப்பார். "யாரு?" என்றால், "நம்ம நஜீம்தான்" என்பார். பேசக் கூடாது என்பது கம்பெனி விதி. சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விதியாவது மண்ணாவது என்று விட்டுவிட்டேன்.

ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாளில், விடிந்ததும் குளித்துப் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கெளம்பு. நேரமாச்சு."

"எங்க?"

"நெலை வைக்க வேணாமா?"

வாசல் நிலை நிறுத்துவதைத்தான் சொல்கிறார். மஞ்சள் பூசி, பூ வைத்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் செய்கிற காரியம். 'என்ன வீடு, என்ன நிலை' என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்டால் திரும்பக் கட்டிலுக்குப் போய்விடுவாரே என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். போய் ஒரு கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுத் திரும்பினால் ஆசை தீரும் என்று நினைத்தேன்.

பஸ் பாதி தூரம் போன பிறகுதான் சொன்னார். "நஜீமும் வாரேன்னுருக்கான்."

"அவனை எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

"எப்பண்ணே நெலை வைக்கிறீங்கன்னு கேட்டான். தேதியைச் சொல்லிட்டு, வா தம்பின்னு கூப்பிடாம இருந்தா மரியாதையாவா இருக்கும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் விசேஷத் தேதியை வாயால் சொல்லிவிட்டால் அந்த ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். நல்லது கெட்டது தெரிந்த மனிதர், அந்த மரியாதையில் குறை வைக்க மாட்டார். வீடுதான் இல்லை.

பேரையூருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் யாரோ எப்போதோ ப்ளாட் போட்டு விற்க முயன்ற பொட்டல் ஒன்று இருந்தது. எல்லைக் கற்களைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. இவர் பையிலிருந்து சுண்ணாம்புப் பொடியை எடுத்தார். குனிந்து, கோடு போட ஆரம்பித்தார். ஹால், அடுப்படி, இரண்டு அறை, பின்வாசல். என் பூஜை அறை நான் சொன்ன மூலையிலேயே இருந்தது. நான் கருவேல நிழலில் நின்று, அந்தப் பையன் வந்துவிடக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

வந்துவிட்டான். பைக்கில், பெண்டாட்டி ஃபாயிஸாவும் மடியில் குழந்தையுமாக. கூடை நிறையப் பழம், மேலே ஒரு முழம் மல்லிகை. ஃபாயிஸா சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். வாசல் என்று இவர் விட்டிருந்த இடைவெளிக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னண்ணே, இப்பத்தான் கோடே போட்டிருக்கீங்க? கொத்தனாரு வரலையா?" என்றான் நஜீம்.

"வருவாங்க, வருவாங்க."

நஜீம் ஹாலில் நின்று கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தான். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே, போன்ல சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நான் இப்ப அந்தக் கடையில இல்ல. கீழவாசல்ல ஒரு சின்னக் கடையில நிக்கிறேன். ஆர்டர் புடிச்சுட்டு வந்தாத்தான் வச்சுக்கிருவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஒங்க வீட்டு ஆர்டரைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன்."

"ஏன்ப்பா, அங்க என்னாச்சு?"

"யாரோ கஸ்டமர் மாதிரி ரகசியமா வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. இவன் பேரு கேக்கல, நம்பர் கேக்கல, லோன் சொல்லலன்னு எழுதிப்புட்டாங்க. நானா? எனக்கு வெளங்கவே இல்லண்ணே. வர்றவங்க எல்லார்ட்டயும் கேப்பேன்."

"எப்ப இது?"

"நீங்க மொதமொதல்ல வந்தீங்கள்ல, அந்த மாசந்தான்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு என்ன தட்டினேன் என்று அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"தம்பி, அது நாங்கதான்" என்றார்.

நஜீம் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துவிட்டான் பாவம்.

"நெசமாத்தான். இவ வேலையே அதான். நான் சும்மா கூட வந்தவன். எனக்கு வீடும் இல்ல, எடமும் இல்ல. இது யாரு எடம்னுகூடத் தெரியாது."

ஃபாயிஸாவுக்குத்தான் முதலில் உறைத்தது. குழந்தையைத் தோளில் இறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "நாங்க என்னக்கா பண்ணோம் ஒங்களுக்கு?" என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

"ஒங்க தங்கமான மனசுக்கு ஒரு கொறையும்..." என்று ஆரம்பித்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது, நிறுத்திக்கொண்டேன்.

நஜீம் இன்னும் ஹாலிலேயே நின்றான். "எனக்கு அந்த வீடு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சுண்ணே. எந்த ரூமுக்கு எந்தக் கலர்னு வரைக்கும். இவகிட்டகூடச் சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கூடையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பெண்டாட்டி கையில் கொடுத்தான். போகும்போது கோட்டைச் சுற்றிப் போகவில்லை, அடுப்படி வழியாகக் குறுக்கே மிதித்துக்கொண்டு போனான். பைக் சத்தம் ரோட்டில் ரொம்ப தூரம் கேட்டது.

நாங்கள் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் ஏறிவிட்டது. நானே பேசினேன். "நீங்க என்ன செய்வீங்க. தட்டுனது நான். பாவம் எனக்குத்தான்."

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார்.

"அவன் எல்லார்ட்டயும் பேரு கேக்குறவன்தான். எங்கிட்ட மட்டும் கேக்கல. நான் பேசப் பேச, கேட்டுக்கிட்டே இருந்துட்டான்" என்றார். "நான் எந்திரிச்சே இருக்கக் கூடாது பிரியம்வதா. படுத்துக் கெடந்திருந்தா அந்தப் பய வேலையில இருந்திருப்பான்."

அப்படியில்லை என்று சொல்லத் துடித்தேன். வாய் நிறையப் பொய் வைத்திருப்பவள் நான், அந்த நேரத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. கண்டக்டர் சத்தம் போட்டார். நான்தான் கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தேன். அதற்கப்புறம் இன்றுவரை அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை.