கணுக்காலுக்கு ஒரு கவசம்

கடைக்காரர் நீட்டிய பைக் பூட்ஸை அக்கா ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினாள். அது வளைந்து கொடுத்தது.

"இது போட்டோவுக்குத்தான் ஆகும். வேணாம்."

போன வருடம் பைக் சரிந்து தங்கையின் கணுக்கால் முறிந்தபோது கட்டுப்போட்ட நர்ஸே இந்த அக்காதான். உருப்படியான பூட்ஸ் கிடைத்தால்தான் நாளைக்கு மலைப் பயணம். இல்லையென்றால் பைக் சாவி அக்காவின் கைப்பையை விட்டு வெளியே வராது.

அடுத்த ஜோடி இரும்பாக நின்றது. அக்காவின் முகம் மலர்ந்தது. தங்கை வாசலில் நின்ற பைக்கில் ஏறி, காலால் கியரைத் தேடினாள். பாதம் மடங்கவே இல்லை.

"மரக்கட்டையைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்குக்கா!"

"அடுத்ததை எடுங்கண்ணே" என்றாள் அக்கா, அசராமல்.

மூன்றாவது ஜோடியை மூச்சுப்பிடித்து முறுக்கினாள். பக்கவாட்டில் அது அசையவில்லை. தங்கை அதைப் போட்டுக்கொண்டு மறுபடி பைக்கில் ஏறினாள். பாதம் மேலும் கீழும் இதமாக மடங்கியது. கியர் 'டக்'கென்று விழுந்தது.

"கிடைச்சிடுச்சு! சாவியைக் கொடுக்கா!"

அக்கா கடைக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணே, இதே மாடல்ல ஏழாம் நம்பர் இருக்கா?"

"அது யாருக்குக்கா?" என்றாள் தங்கை.

"பின் சீட்ல உட்கார்றவளுக்குக் கால் கிடையாதாடி?"