பன்னிரண்டு மணிக்கு நாலு விரல் நிழல்

எனக்கு வாய் நீளம் என்று பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும். வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை டீச்சராக வந்த முதல் நாளே அங்கேயும் தெரிந்துவிட்டது. "கத்தரீனாள் டீச்சர் வகுப்புல கேள்வி கேக்காத பிள்ளை எந்திரிச்சு நிக்கணும்" என்று அறிவித்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் மிரண்டு போய் உட்கார்ந்திருந்தன. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிள்ளை வளர்க்கிற முறையே வேறு. கங்காணி வந்தால் எழுந்து நில், துரை வந்தால் ஓரமாகப் போ, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

முத்துப்பேச்சி ஒருத்திதான் நான் சொன்னதை நம்பினாள். கொழுந்து கிள்ளுகிற சாந்தம்மாளுக்கும் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற பெரியமுத்துவுக்கும் மூத்த மகள். ஐந்தாம் வகுப்பு. மழை விட்டால் அட்டையெல்லாம் எங்கே போகுது, மூடுபனியைப் பிடித்து டப்பாவில் அடைத்தால் என்ன ஆகும் என்று நாள் முழுக்க என் உயிரை எடுப்பாள். இவளை எப்படியாவது மேலே படிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. பெரியமுத்துவிடம் பேசியும் வைத்திருந்தேன். ஐந்தாவது முடிந்ததும் வண்டிப்பெரியார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகத் தலையை ஆட்டியிருந்தார்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணியில் மழை நாலைந்து நாள் விட்டது. வெயிலைக் கண்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாடப் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. ஒரு குச்சியை நட்டுவை, நிழல் எப்போது மிகக் குறைவாக இருக்கிறதோ அப்போது நண்பகல் பன்னிரண்டு மணி. பிள்ளைகளை முற்றத்துக்கு விரட்டி, ஆளுக்கொரு குச்சி நடச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு பாக்டரிச் சங்கு ஊதியது. மற்றதுகள் சோற்றுத் தூக்கைத் தேடி ஓடிவிட்டன. முத்துப்பேச்சி மட்டும் குச்சிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், சங்கு ஊதுறப்ப நிழலு நாலு விரக்கடை மேக்கால கிடந்துச்சு. இப்பத்தான் குச்சிக்கு அடியில வந்திருக்கு."

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபத்திரண்டு. குச்சி சாய்ந்திருக்கும் என்றேன். மறுநாள் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சியை நிமிர்த்தி நட்டாள். அதே நாலு விரல், அதே இருபத்திரண்டு. மூன்றாம் நாளும் அப்படியே.

"ஏன் டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவ்வளவுதான், கதையே இல்லை. ஆனால் மற்ற பிள்ளைகளும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரெல்லாம் கேள்வி கேள் என்று தண்டோரா போட்டுவிட்டு, முழிப்பதற்குக் கௌரவம் விடவில்லை. "சூரியனா தப்பா ஓடும்? சங்குதான் தப்பு. ஆபீஸ் கடிகாரம் வேகமா ஓடுது, வேற என்ன" என்றேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பேச்சு லயம் முழுக்கப் பரவிவிட்டது. தினமும் இருபது நிமிஷம் முன்கூட்டியே நம்மை எழுப்பிக் குளிரில் வேலைக்கு விரட்டுகிறார்கள் என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். சாயங்காலம் வேலை விடுகிற சங்கும் அதே கடிகாரத்தைப் பார்த்துத்தானே ஊதுகிறது, அதுவும் இருபது நிமிஷம் முந்தித்தானே வருகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படித்த எனக்கே தோன்றவில்லை, அவர்களைச் சொல்லி என்ன.

மறுநாள் காலைச் சங்குக்கு முப்பது பேர் அசையவில்லை. இருபது நிமிஷம் கழித்து, பெரியமுத்து முன்னால் நடக்க ஆபீசுக்குப் போனார்கள். "கடிகாரம் தப்புங்கய்யா. எம் மக நிழலை அளந்து பாத்திருக்கா" என்று துரையிடம் சொன்னாராம். துரை கத்தவில்லை. பங்களாவிலிருந்து ரேடியோவைத் தூக்கிவரச் சொன்னார். செய்திக்கு முன்னால் மணி அடிக்கிற சத்தம் வந்தபோது ஆபீஸ் கடிகாரத்தின் முள் எட்டில் இம்மி பிசகாமல் நின்றது. கணக்கெழுதுகிற ரைட்டர், டிரைவர், கங்காணி எல்லாரும் சிரித்தார்கள். கூடப் போன முப்பது பேரும் சேர்ந்து சிரித்ததுதான் கொடுமை. பெரியமுத்துவுக்கு ஒரு மாசம் வேலை கிடையாது என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. தகப்பனோடு போன முத்துப்பேச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பத்து மணிக்குக் கண்டக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தோட்டத்தில் கங்காணிகளுக்கெல்லாம் மேலே அவர்தான். செருப்போடு வகுப்புக்குள் ஏறி, முத்துப்பேச்சியின் முன்னால் நின்றார்.

"சங்கு தப்புன்னு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த சாக்குக் கட்டியைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் தோட்டத்துடையது, நான் குடியிருந்த அறையும் தோட்டத்துடையது. ஊரில் என் சம்பளத்தை எதிர்பார்த்து இரண்டு தங்கைகள். இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேன் என்று சொன்னால் பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

"நானாத்தான் சொன்னேன்" என்றாள் முத்துப்பேச்சி.

மறுநாளிலிருந்து அவள் இடம் காலி. தேடிக்கொண்டு லயத்துக்குப் போனேன். பெரியமுத்து வாசலுக்கு வந்தார், உள்ளே கூப்பிடவில்லை. "போதும் டீச்சர். படிச்ச படிப்புக்கே தலை நிமித்த முடியல" என்றார். வேலைக்குச் சேர்க்கிற பன்னிரண்டு வயசு ஆகிவிட்டதாக எழுதிக்கொடுத்து, மகளைச் சாந்தம்மாளோடு கொழுந்துக்கு அனுப்பியிருந்தார். ஒரு மாசம் அடுப்பு எரிய வேண்டுமே.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி, பீர்மேட்டில் எனக்குத் தெரிந்த கணக்கு வாத்தியார் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "எந்தப் பிள்ளை இது? கூட்டிட்டு வாங்க, நான் பாக்கணும்" என்றார். சங்கும் சரி, நிழலும் சரியாம். தேசம் முழுமைக்கும் ஒரே கடிகாரம். அது நமக்குக் கிழக்கே எங்கேயோ சூரியன் உச்சிக்கு வருவதை வைத்து ஓடுகிறது. அதே சூரியன் நம் மலைக்கு மேலே வந்து சேர இந்த மாசத்தில் இருபத்திரண்டு நிமிஷம் ஆகிறது. பூமி சுற்றுவதை ஒரு குச்சியை வைத்துக்கொண்டு நிமிஷக் கணக்காகப் பிடித்திருக்கிறாள் என் பிள்ளை. பஸ்ஸில் திரும்பி வரும்போது யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

திங்கட்கிழமை காலையில் துரையைப் போய்ப் பார்த்து, சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றேன். தெரியும் என்றார். பெரியமுத்துவுக்கு வேலை தருவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவிடவில்லை. அங்கிருந்து நேராகத் தேயிலைக் காட்டுக்கு ஏறினேன்.

முத்துப்பேச்சி தலையில் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு, இடுப்பு உயரத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றாள். விரலெல்லாம் கறை. எதிர் நிரையில் நின்றுகொண்டு, கிழக்கு, மேற்கு, தேசத்துக் கடிகாரம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். "நீ கண்டுபிடிச்சது சரிதாம்மா. தப்பு என்மேலதான்" என்றேன். அவள் கை கிள்ளுவதை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டபிறகு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கே தெரியலைன்னு ஏன் டீச்சர் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு பேச்சி."

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கய்யாவைப் பாத்து எல்லாரும் சிரிச்சப்ப எனக்கும் வெக்கமாத்தான் டீச்சர் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கூடையை இழுத்து முதுகில் சரிசெய்துகொண்டு அடுத்த நிரைக்குப் போனாள்.