முழு வாக்கியம்

ஏழாம் வகுப்பில் ஆங்கில மரபுத்தொடர் பாடம் என்றால் டீச்சருக்கே ஒரு குஷி வந்துவிடும். எடுத்ததும் புத்தகத்தைத் திறக்கமாட்டார். முதலில் தமிழில்தான் வம்புக்கு இழுப்பார்.

“திருடன் கம்பி நீட்டிட்டான்னு சொல்றோமே, அவன் கையில எத்தனை அடி கம்பி இருந்துச்சு?”

வகுப்பு கொல்லென்று சிரிக்கும்.

“எனக்கே காது குத்துறியான்னு உங்கம்மா கேட்டா, ஊசி எடுக்க ஓடுவீங்களா? ஒத்தை வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதீங்க. முழு வாக்கியத்தையும் கேளுங்க. அப்புறம்தான் அர்த்தம்.”

பத்தொன்பது வருடமாக இதையே சொல்லிவருகிறார்.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. ஒருமுறை காதில் விழுந்ததை ஏற்ற இறக்கம்கூட மாறாமல் திருப்பிச் சொல்வாள். புரிந்ததா புரியவில்லையா என்பது வேறு விஷயம். அவளுடைய அப்பா பெயிண்டர், சாரத்தில் ஏறி வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவர். அம்மா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். வீட்டில் நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்தவள் ரேடியோ மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பெயிண்டர் மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தார். தலையில் அடி. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் சொல்வதைக் கேட்டு அம்மாவுக்குச் சொல்லும் வேலை பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. இதெல்லாம் டீச்சருக்குத் தெரியாது. பிள்ளை மூன்று நாளாக வரவில்லை, காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

வியாழக்கிழமை பரீட்சை. தாய்மாமன் அவளைக் கொண்டுவந்து பள்ளியில் விட்டுவிட்டுப் போனார். அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி பள்ளிக்கு வந்திருந்தார். டீச்சர் கக்கத்தில் சுருட்டிய பாடப் படத்தாள்களை இடுக்கிக்கொண்டு, காலில் வெந்நீர் கொட்டியதுபோல் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ‘அவுட் ஆஃப் த வுட்ஸ்’னா என்ன?”

“காட்டை விட்டு வெளிய வந்தாச்சுன்னு அர்த்தம்மா. அதாவது, ஆபத்து நீங்கிடுச்சு. நல்ல வார்த்தைதான்.”

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் பரவியதைப் பார்த்தார். பாடத்தில் இல்லாததையும் தேடிக் கேட்கிறாளே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே போனார்.

சனிக்கிழமைதான் சாவுச் செய்தி பள்ளிக்கு வந்தது. டீச்சர் மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. சுவரோரம் மடித்த பாய்கள், ஆணியில் வண்ணக் கறை படிந்த கால்சட்டை. அம்மா அழுது ஓய்ந்து, வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆபத்து நீங்கிடுச்சுன்னு சொன்னாங்களே டீச்சர்! நாலு நாளா அந்த வராந்தாவுல பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் குளிச்சிட்டு வருவோம்னு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சோறு பொங்கினேன். உலை இறக்கல, போன் வந்துருச்சு. தெரிஞ்சிருந்தா கூடவே இருந்திருப்பேனே. கையையாவது பிடிச்சிருப்பேனே.”

தாய்மாமன் கொதித்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிறவர், குரல் தெருவுக்கே கேட்டது. “அந்த டாக்டரைச் சும்மா விடமாட்டேன். பொய் சொல்லி எங்கள அனுப்பிட்டு ஆளைக் கவனிக்காம விட்டுட்டான். நீங்க இங்கிலீஷ்ல ஒரு புகார் எழுதிக் குடுங்க டீச்சர். சாட்சிக்குப் பாப்பா இருக்கா. கண்ணு, டாக்டர் என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லு.”

ரேடியோ எழுந்து நின்றாள். பாடம் ஒப்பிப்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டாள். டாக்டரின் தொண்டைக் கரகரப்புகூட அவள் குரலில் இருந்தது.

“ஹீ இஸ் ஃபார் ஃப்ரம் அவுட் ஆஃப் த வுட்ஸ்.”

‘ஃபார் ஃப்ரம்.’ அந்த இரண்டு வார்த்தை முன்னால் வந்தால் எல்லாம் தலைகீழ். ஆபத்து நீங்கவில்லை, நீங்கும் அறிகுறியே இல்லை என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். ‘ஃபார்’ என்றால் தூரம் என்பது பிள்ளைக்குத் தெரியும். காட்டைவிட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டார் அப்பா என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பேனாவும் தாளும் டீச்சரின் மடியில் இருந்தன. எழுதினால் ஒரு குற்றமும் செய்யாத டாக்டர் மாட்டிக்கொள்வார். உண்மையைப் போட்டு உடைத்தால் புருஷனின் கடைசி மூச்சின்போது பக்கத்தில் இல்லாமல் போனதற்குப் பெற்ற மகளே காரணம் என்று இந்த அம்மா ஆயுள் முழுக்க நினைப்பாள். அந்தப் பெண் இன்னும் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

“டாக்டர் பொய் சொல்லலைங்க,” என்றார் டீச்சர். “ஆபத்து நீங்கலைன்னுதான் சொல்லியிருக்காரு. பாப்பா வந்து என்கிட்ட அர்த்தம் கேட்டா. நான்தான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்.”

அம்மா பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு. தாய்மாமன் வாசலைக் காட்டினார்.

“எந்திரிச்சுப் போயிருங்க. பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்.”

மறுநாளே அவர் தலைமையாசிரியையிடம் வந்து கத்தித் தீர்த்தார். ஆங்கிலப் பாடத்தை டீச்சரிடமிருந்து பறித்து, அவரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். டீச்சர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பிள்ளைக்காகப் பழியைத் தூக்கிச் சுமக்கிறோம் என்ற எண்ணம் அவருக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

பதினைந்தாம் நாள் ரேடியோ பள்ளிக்கு வந்தாள். மதிய இடைவேளையில் ஒன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

“அகராதியில பாத்தேன் டீச்சர். நீங்க சொன்ன அர்த்தம் சரிதான். ‘ஃபார் ஃப்ரம்’ தான் எனக்குத் தெரியல.”

டீச்சர் அவளை உள்ளே இழுத்து ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார். “உன் தப்பு இல்லம்மா. நீ சின்னப் பிள்ளை. உங்கம்மாகிட்ட இதைச் சொல்லணும்னு இல்ல. நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்.”

“என் தப்புன்னு நான் சொல்லலையே,” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “டாக்டர் சொன்னது முழுசும் அப்படியே சொல்றேன் டீச்சர்னு அன்னைக்குப் பின்னாடியே ஓடிவந்தேன். ‘அப்புறம் வா, அப்புறம் வா’ன்னுட்டு மாடி ஏறிட்டீங்க.”

டீச்சருக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு துழாவியும் வரவில்லை. ஆனால் ‘அப்புறம் வா, அப்புறம் வா’ என்று அவள் சொன்ன அந்த இரண்டு தடவையும் கேட்டது டீச்சரின் சொந்தக் குரல்தான்; மூச்சிரைப்பு உட்பட. இந்தப் பெண் இல்லாததைச் சொல்லமாட்டாள்.

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். என் பங்கையும் சொன்னேன், உங்க பங்கையும் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. அன்னையிலேர்ந்து என்கூடப் பேசறதில்ல. சோறு மட்டும் போட்டு வைக்கறாங்க.”

டீச்சர் அவள் தோளைத் தொடப் போனார். அவள் லேசாக விலகி எழுந்துகொண்டாள். மணி அடித்தது. தாழ்வாரத்தில் பிள்ளைகள் முண்டியடித்து ஓடினார்கள். அவள் சுவரை ஒட்டியே நடந்து, வகுப்புக்குப் போனாள்.