பதினெட்டாவது அம்பு

ஏழு வயதில் நான் நடுங்கியது நூலில் தொங்கிய ஒரு தட்டைப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ஏதோ பழைய படம், தமிழ்க் குரல் கொடுத்தது. வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பூமியைப் பிடிக்க வருகிறார்கள். அவர்கள் வந்த பறக்கும் தட்டின் நூல் பளிச்சென்று தெரிந்தது. அட்டை நகரம் எரியும்போது ஒரு கட்டடம் தீப்பிடிக்காமலே சரிந்தது. பூதத்தின் முதுகில் ஜிப். ஒரே ராணுவ லாரி அதே வளைவில் நான்கு முறை திரும்பியது. தம்பி ஃபஹீம் ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தான். நூலையும் ஜிப்பையும் நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அம்மாவின் துப்பட்டாவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கடைசிச் செக்கிங் மேசை என்னுடையது. பெட்டிக்குப் போகும் முன் ஒவ்வொரு ஷூவையும் திருப்பிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அது காட்டும் இடத்தில் தையல் பிசகியிருக்கும், பசை வழிந்திருக்கும், தோல் சுருங்கியிருக்கும். பதினோரு வருடமாக நூல் மட்டும்தான் என் கண்ணில் படுகிறது. துப்பட்டாவுக்குள் ஒளிந்த பெண் எப்போது கிளம்பிப் போனாள் என்று தெரியவில்லை.

உருதுவில் ஆப்பா என்றால் அக்கா. எனக்குப் பின்னால் என்னை ஸ்டிக்கர் ஆப்பா என்பார்கள். காதில் விழாததுபோல் இருந்துவிடுவேன். போன வருடம் தையல் லைனில் சுந்தரியின் அறுபது ஜோடியை ஒரே நாளில் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு கேன்டீனில் நான் உட்காரும் பெஞ்சில் எப்போதும் நிறைய இடம் இருந்தது.

அதனால் பாரதி என் மேசைக்கு வந்து நின்றபோது சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளும் தையல் லைன்தான், இருபத்துநாலு வயது.

"ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்கறோம் ஆப்பா. பத்து நிமிஷம், என் போன்லயே. ஏலியன் ஆம்பூர்ல எறங்குது. நீங்கதான் எஃபெக்ட்ஸ்."

"எனக்கு இன்னா தெரியும்?"

"எது பொய்னு உங்க கண்ணுக்கு உடனே தெரியும் இல்ல? அத மறைச்சிட்டா அதான் எஃபெக்ட்ஸ்."

நான்கு ஞாயிறுகள் எடுத்தோம். பிரியாணி தேக்சா மூடிகள் இரண்டைச் சேர்த்து ஒட்டி, ஷூ தைக்கும் கறுப்பு நைலான் நூலில் கட்டிப் பாலாற்று மணலில் இறக்கினோம். சாம்பிராணிப் புகை போட்டோம். ஷூ பெட்டிகளை அடுக்கி, ஜன்னல் வெட்டி, உள்ளே டார்ச் வைத்தால் ஓர் ஊரே விளக்கேற்றியதுபோல் இருந்தது. கட்டிங் செக்ஷன் தபரேஸ் பச்சைத் தோல் வெட்டில் மிஞ்சியதையும் ஃபோமையும் வைத்து ஏலியன் உடுப்பு தைத்தான். கண்ணுக்கு இரண்டு டீ வடிகட்டிகள். உள்ளே புகுந்தது சுந்தரி, அவள்தான் உயரம்.

சுந்தரி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "மூச்சு முட்டுதுன்னு அவங்ககிட்ட சொல்லு" என்று பாரதியிடம் சொல்வாள். ஆனால் மூன்றாவது ஞாயிறு மணலில் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். விழா முடிந்த பிறகும் இவர்கள் நடுவில் எனக்கு ஓரிடம் இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. அப்படி எதையாவது விரும்பி எத்தனை நாளாயிற்று என்று நினைக்கக் கூச்சமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பாரதி கேன்டீன் டிவியில் போனை இணைத்துப் போட்டுக் காட்டினாள். ஏலியனின் முகம் திரை முழுக்க வந்தது. டீ வடிகட்டிக் கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு. கன்னத்தில் இன்னொன்று. அடுத்த காட்சியில் தோளில் நான்கு. எண்ணினேன். பதினேழு.

படம் எடுக்கும் முன் உடுப்பைச் சரிபார்க்க என்னிடம் தந்திருந்தார்கள். என் கை தானாகவே ஒட்டியிருக்கிறது. அதன் பிறகு அதை எத்தனை முறை பார்த்திருப்போம்! வேறு ஊராக இருந்தால் யார் கண்ணையாவது உறுத்தியிருக்கும். நாங்கள் விடிந்தால் அம்புகளுக்கு நடுவில் உட்காருகிறவர்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"டேய், நீயாவது பாத்திருக்கலாம்ல?" என்றாள் பாரதி.

"பாத்தேன்" என்றான் தபரேஸ். "கம்பெனில தெச்சதுன்னா அம்பு இருக்கும்தானேன்னு உட்டுட்டேன்."

மறுபடி எடுக்க வழியில்லை. கடைசிக் காட்சியில் ஏலியன் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதில் பசை விட்டு, உடுப்பு பிரிந்து, தலை மட்டும்தான் மிச்சம். விழாவோ சனிக்கிழமை.

"நானூறு பேர் சிரிப்பாங்க. என்னாலதான். படத்துலேந்து என் பேரை எடுத்துடு பாரதி" என்றேன். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

சுந்தரி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "வேற கெரகத்துலேந்து வந்தவனையே உட்டு வெக்கல நீங்க. என் அறுபது ஜோடி எந்த மூலைக்கு?"

முதலில் சிரித்தவளும் அவள்தான். பாரதி மேசையைத் தட்டினாள்.

"தண்ணி ஊத்தி அது சாகற முடிவத் தூக்கிடலாம்! துப்பாக்கிக்கும் அடங்கல, தண்ணிக்கும் அடங்கல. கடேசில செக்கிங் மேசைக்கு வருது. ஆப்பா பாக்கறாங்க, ரிஜெக்ட் பண்றாங்க. அவ்ளோதான், ஓடிடுது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் அவர்கள் வைத்திருக்கும் பெயரை நானே போட்டுக்கொண்டு நானூறு பேர் முன்னால் நிற்க வேண்டும். அப்போது அந்தப் பழைய படத்தின் பூதத்துக்குள் இருந்த ஆள் நினைவுக்கு வந்தான். ஜிப் தெரியும் என்று அவனுக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உறுமியிருக்கிறான்.

"என் மேசையிலயே எடு. டியூப் லைட் அங்கதான் நல்லா இருக்கும்" என்றேன்.

வேலை முடிந்ததும் எடுத்தோம். தலையை மேசையில் வைத்தார்கள். எனக்கு நடிக்கத் தெரியாது. தினமும் செய்வதைச் செய்தேன். திருப்பினேன், வெளிச்சத்தில் பிடித்தேன், தையலைக் கட்டை விரலால் தடவினேன். இடது காதோரம் உண்மையிலேயே ஒரு தையல் தப்பியிருந்தது. பதினெட்டாவது அம்பை ஒட்டினேன்.

"ரிஜெக்ட். இவன் கெரகத்துக்கே திருப்பி அனுப்பு."

சனிக்கிழமை கேன்டீன் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் ஓடியது. தட்டு வந்ததுமே "நூலு தெரீதுடி!" என்று யாரோ கத்தினார்கள். ஆனால் புகையிலிருந்து அந்தப் பச்சைக் கை நீண்டு, சைக்கிளில் வந்த தபரேஸின் தோளைத் தொட்டபோது கூடமே மூச்சை அடக்கியது. முன் வரிசையில் ஒருத்தி நிஜமாகவே வீல் என்றாள். இப்போதுதான் நூலைப் பார்த்துச் சிரித்தார்கள், இப்போது பயப்படுகிறார்கள். அப்படியும் முடிகிறது.

அப்புறம் முகம் வந்தது. ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. "அய்யோ, அம்பு!" என்று ஒரு குரல். தகரக் கூரை அதிர்ந்தது. அம்பை எண்ணிக்கொண்டே சிரித்தார்கள். என் மேசை திரையில் வந்ததும் நானூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "ஸ்டிக்கர் ஆப்பா!"

முதல் முறையாக என் முகத்துக்கு நேரே. நான் துப்பட்டாவை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்தேன். வயிறு வலித்தது. எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

விளக்குப் போட்டதும் சுந்தரி என் பெஞ்சுக்கு வந்தாள். என் முகத்தைத் தாடையில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணோரத்தில் எதையோ ஒட்டினாள்.

"இங்க ரிங்கிள் ஜாஸ்தி ஆப்பா. ரிப்பேருக்கு அனுப்பட்டா?"

"வேணாம்மா. பாஸ் பண்ணிடு."

"தள்ளி உக்காருங்க."

தள்ளினேன். அவள் உட்கார்ந்தாள். பாரதி வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தபரேஸ் பிரியாணித் தட்டோடு வந்து அவனும் நுழைந்தான். என் பாதி உடம்பு பெஞ்சுக்கு வெளியே தொங்கியது. அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டேன்.